பாலைவனப் பாதைக்கு யார் பொறுப்பு?

அக்டோபர் முடிந்து குளிர் தொடங்கியதும், லாஸ் ஏஞ்சலீஸ், லாஸ் வேகாஸ் நகரங்களிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் பிக்கப் டிரக்குகள் கலிஃபோர்னியாவின் கிழக்குக் கோடியை நோக்கிப் புறப்படத் தொடங்குகின்றன. வண்டியின் பின்புறத்தில் தண்ணீர்க் கலன்கள், கூடுதல் டயர்கள், மண்வெட்டி, கூடாரம். அவை போய்ச் சேரும் இடங்களில் கடையும் இல்லை, விடுதியும் இல்லை. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தங்கமோ வெள்ளியோ கிடைக்கும் என்று நம்பி மனிதர்கள் குடியேறி, சில ஆண்டுகளிலேயே கைவிட்டுச் சென்ற சுரங்க முகாம்கள் அவை. துருவேறிய இயந்திரங்களையும் கூரை இழந்த சுவர்களையும் மலையில் குடைந்த இருட்டு வாய்களையும் காண்பதற்காகவே இவ்வளவு தொலைவு செல்கிறார்கள்.

கலிஃபோர்னியாவில் பணிபுரியும் என் மகனுக்கும் இந்த நாட்டம் உண்டு. இரண்டு குளிர்காலங்களில் அவனுடன் மரணப் பள்ளத்தாக்கு எனப்படும் டெத் வேலியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பயணம் செய்தேன். கல்லூரியில் முப்பதாண்டுகளுக்கும் மேல் பொருளாதாரம் கற்பித்தவன் நான். இடிபாடுகளைவிட, அவற்றுக்கு இட்டுச் செல்லும் பாதைகளே என் கவனத்தை ஈர்த்தன. ஆளற்ற மலையில் இந்தப் பாதையை வெட்டியவர் யார்? அதற்கான செலவை ஏற்றவர் யார்? வெட்டியவர்கள் மறைந்து நூறாண்டு கடந்தபின் அது யாருடைய சொத்து? கடைசிக் கேள்விக்கு அமெரிக்க நீதிமன்றங்களே இன்னும் முழுமையான விடை காணவில்லை.

முதலில் பயணத்தின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். தார்ச்சாலை முடியும் இடத்தில் எல்லோரும் இறங்கி டயர்களின் காற்றைக் குறைக்கிறார்கள். சதுர அங்குலத்துக்கு 35 அல்லது 40 பவுண்டாக இருக்கும் அழுத்தத்தை 20 அளவுக்கு இறக்கினால், டயர் அகன்று கூரிய கற்களின்மேல் வளைந்து கொடுக்கும், மணலில் புதையாது. திரும்பும்போது காற்றடைக்கச் சிறு கம்ப்ரசர் ஒன்று வண்டியிலேயே இருக்கும். பாதை பெரும்பாலும் தகரக் கூரைபோல் வரிவரியாக அலையோடிக் கிடக்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும் பல் கிட்டும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும். கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி இல்லாமல் போவது அறிவுடைமை அன்று. வண்டி பழுதானால் அதை இழுத்துவர ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். கோடையில் இந்தப் பாதைகளை நினைத்தும் பார்க்கக் கூடாது. 1913 ஜூலை 10 அன்று இங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகின் அதிகபட்ச வெப்பநிலையாகப் பதிவேடுகளில் இருந்துவருகிறது.

இத்தனை கருவிகளோடு நாம் திணறும் தரையில், அன்று கோவேறு கழுதைகளைக் கொண்டு வணிகம் நடத்தினார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் முதலில் பெரிய அளவில் எடுக்கப்பட்டது தங்கம் அன்று. நம் பொற்கொல்லர்கள் பற்றவைக்கப் பயன்படுத்தும் வெண்காரம். 1883 முதல் 1888 வரை இயங்கிய ஹார்மனி வெண்கார ஆலையிலிருந்து மொஹாவி ரயில் நிலையத்துக்கு 265 கிலோமீட்டர். இரண்டு பெரிய மரவண்டிகளும் ஒரு தண்ணீர்த் தொட்டி வண்டியும் பிணைக்கப்பட்டு, பதினெட்டுக் கோவேறு கழுதைகளும் இரண்டு குதிரைகளும் அவற்றை இழுத்தன. பின்சக்கரத்தின் உயரம் மட்டும் ஏழு அடி. ஒருவழிப் பயணத்துக்குப் பத்து நாள். தரையிலிருந்து வெண்காரத்தை வாரிச் சேர்த்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். அவர்களின் நாள் கூலி சுமார் 1.30 டாலர். விளம்பரங்களில் கழுதைகளுக்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1888-இல் உரிமையாளர் வில்லியம் டெல் கோல்மனின் தொழில்கள் சரிந்தன, ஆலை நின்றது. பின்னர் அவருடைய சொத்துகளை வாங்கிய ஃபிரான்சிஸ் மேரியன் ஸ்மித், ஹார்மனியை மீண்டும் இயக்க முனையவில்லை. ரயிலுக்கு அருகிலிருந்த காலிகோ மலையின் தாது அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஹார்மனியில் வெண்காரம் தீர்ந்துவிடவில்லை. அதைக் கொண்டுசேர்க்கும் செலவுதான் கட்டுப்படியாகவில்லை.

தீர்ந்துபோகும் இயற்கை வளங்களைப் பற்றி ஹெரால்டு ஹோட்டலிங் 1931-இல் எழுதிய கட்டுரையை நான் ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். நிலத்தடியில் உள்ள வளம் குறையக் குறைய அதன் விலை எந்த வேகத்தில் உயர வேண்டும் என்பதைக் கணிதத்தால் நிறுவிய கட்டுரை அது. அழகான கோட்பாடு. ஆனால் இந்தப் பாலைவனத்தில் நான் கண்ட முகாம்களில் பெரும்பாலானவற்றுக்கு, வளம் தீர்வதற்கு நெடுங்காலம் முன்பே முடிவு வந்துவிட்டது. தாதுவின் தரம், சந்தை விலை, வண்டிச் செலவு ஆகிய மூன்றில் வண்டிச் செலவே முதலில் கழுத்தை நெரித்தது.

ரயோலைட் நகரம் இதற்குச் சற்று விலகிய எடுத்துக்காட்டு. நெவாடா மாநில எல்லைக்குள் இருக்கும் இந்த இடத்துக்குச் செல்ல டிரக் தேவையில்லை. சாதாரணக் காரே போதும். 1904-இல் ஷார்ட்டி ஹாரிஸ், எட் கிராஸ் என்ற இருவர் அருகே தங்கம் கண்டனர். நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று ரயில் பாதைகள் வந்தன; மின்சாரம் வந்தது; மூன்று மாடி வங்கிக் கட்டடம் எழுந்தது. மக்கள்தொகை ஐயாயிரத்தை எட்டியிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். எஃகு அதிபர் சார்லஸ் ஷ்வாப் 1906-இல் அங்குள்ள முதன்மைச் சுரங்கத்தை வாங்கினார். 1907-இல் அமெரிக்காவில் நிதி நெருக்கடி வெடித்தது, முதலீடு வற்றியது. 1910 கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தவர்கள் 675 பேர். 1911-இல் சுரங்கம் மூடப்பட்டது. 1916-இல் மின்சாரத்தையும் நிறுத்தினார்கள். இங்கே போக்குவரத்து வசதி இருந்தது. அதன் கடனை அடைக்கும் தரத்தில் தாது இல்லை. மூன்று ரயில் நிறுவனங்களும் தாதுவைப் பார்த்து வரவில்லை. பங்குச் சந்தையைப் பார்த்து வந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் தங்கம்? அது அங்கேயேதான் இருந்தது. 1989 முதல் 1999 வரை அதே மலையடிவாரத்தில் நவீனத் திறந்தவெளிச் சுரங்கம் ஒன்று இயங்கி, இருபது லட்சம் அவுன்ஸுக்கு மேல் தங்கம் எடுத்துச் சென்றது. ரயோலைட்வாசிகள் கண்டறியாத நுண்துகள் தங்கத்தை, மலையையே பொடித்துச் சயனைடு கரைசலில் பிரித்தெடுத்தார்கள். பக்கத்து ஊரான பீட்டியைச் சுற்றி இப்போது மீண்டும் தங்க ஆய்வுகள் நடக்கின்றன.

இங்கே கோலார் தங்கவயல் நினைவுக்கு வராமல் போகாது. ரயோலைட் மக்கள் தொழில் நின்றதும் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனார்கள். சிலர் வீட்டுப் பலகைகளையே கழற்றி எடுத்துச் சென்றார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று கோலார் சுரங்கம் மூடப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அங்கேயே வேரூன்றிவிட்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்குப் போக்கிடம் இல்லை. சயனைடு மண்மேடுகளின் நிழலிலேயே அவர்கள் தங்கிவிட்டார்கள். சுரங்கம் சாகும்போது ஊரும் உடன் சாக வேண்டும் என்பது பொதுவிதி அன்று.

பாதையே ஏமாற்றுக் கருவியாகும் விந்தையை லெட்ஃபீல்டில் காணலாம். ரயோலைட்டுக்கு அருகே தொடங்கி, டைட்டஸ் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் 43 கிலோமீட்டர் ஒருவழி மண்பாதையில் அது இருக்கிறது. செங்குத்தான கணவாயில் ஏறி மறுபுறம் இறங்கும்போது வண்டியின் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் வெளி. அந்த வளைவுகளில் நான் பேச்சை நிறுத்தியிருந்தேன். இந்தப் பாதை 1926-இல் ஈயச் சுரங்கத்துக்காக வெட்டப்பட்டது. சி.சி. ஜூலியன் என்ற பங்கு வணிகர் பத்திரிகைகளில் பெரும் விளம்பரம் செய்து, முதலீட்டாளர்களைத் தனி ரயிலில் அழைத்துவந்து காட்டினார். மலையைக் குடைந்து போட்ட சாலையைக் கண்ணால் பார்த்த பிறகு, அதன் மறுமுனையில் செல்வம் இல்லை என்று எவர் நம்புவார்? ஆகஸ்டில் திறந்த அஞ்சலகம் 1927 ஜனவரியில் மூடப்பட்டது. அதே ஆண்டு, அவர் தொடங்கிய எண்ணெய் நிறுவனத்தின் பங்கு மோசடி லாஸ் ஏஞ்சலீஸையே உலுக்கியது. ஷாங்காய்க்குத் தப்பியோடிய ஜூலியன் 1934-இல் அங்கே தற்கொலை செய்துகொண்டார். சுரங்கம் தேறவில்லை. ஆனால் அந்தச் சாலை இன்று தேசியப் பூங்காவின் மிகவும் புகழ்பெற்ற மண்பாதை. அதைப் பழுதுபார்ப்பது வரி செலுத்துவோரின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு சிறியதன்று. 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் எச்சமாக ஃபர்னஸ் கிரீக்கில் 2.2 அங்குல மழை பெய்தது. நம்மூரில் அது ஒரு மாலைநேர மழை. அங்கே ஓராண்டுக்குரிய சராசரி மழையைவிட அதிகம். சாலைகள் அரித்துப் போயின. பூங்காவே ஏறத்தாழ இரண்டு மாதம் மூடிக் கிடந்தது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டான 1866-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சுரங்கச் சட்டத்தில் ஒரு சிறு பிரிவு, பொதுநிலங்களின் குறுக்கே நெடுஞ்சாலை அமைக்கும் உரிமையை யாவருக்கும் வழங்கியது. விண்ணப்பமோ பதிவோ தேவையில்லை. 1872-இல் வந்த மற்றொரு சட்டம், கூட்டாட்சி அரசின் பொதுநிலத்தில் தங்கம், வெள்ளி போன்ற தாதுக்களைக் கண்டறிபவர் அரசுக்கு உரிமத்தொகை ஏதும் செலுத்தாமலே அவற்றை எடுத்துக்கொள்ள வழிசெய்தது. மேற்கில் குடியேற்றத்தை ஊக்குவிக்க அன்று இவை தேவைப்பட்டிருக்கலாம். வியப்பு என்னவென்றால், 1872 சட்டத்தின் இந்த அடிப்படை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1866 பிரிவை 1976-இல் நீக்கினார்கள். ஆனால் அதற்குமுன் உருவான சாலை உரிமைகள் செல்லும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

வழக்கறிஞர்களுக்கு அதுவே போதுமானதாயிற்று. எந்தக் கழுதைத் தடம் 1976-க்கு முன் 'நெடுஞ்சாலை'யாக இருந்தது என்பதை மெய்ப்பிக்க முதியவர்களின் வாக்குமூலங்களும் பழைய வரைபடங்களும் நீதிமன்றம் ஏறுகின்றன. யூட்டா மாநிலம் மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாதைகளுக்கு உரிமை கோரி வழக்குத் தொடுத்துள்ளது. பாதை உண்டு என்று தீர்ப்பானால், அந்த நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட வனவெளி என்று அறிவிப்பது கடினம். சுரங்க நிறுவனங்கள் நுழைவது எளிது. பொழுதுபோக்குக்குச் செல்லும் டிரக் ஓட்டிகளில் பலர் இந்தப் பின்னணியை எண்ணிப் பார்ப்பதில்லை.

பானமின்ட் சிட்டியின் கதை இதைத் தெளிவாக்கும். 1873-இல் வெள்ளி கண்டெடுக்கப்பட்ட அந்த மலையூரில், ஜோன்ஸ், ஸ்டீவர்ட் என்ற இரு நெவாடா செனட்டர்கள் பெரும் பணம் போட்டார்கள். 1876 ஜூலையில் காட்டாற்று வெள்ளம் ஊரின் பெரும்பகுதியை அடித்துச் சென்றது. அதற்குச் செல்லும் ஒரே வழியான சர்ப்ரைஸ் பள்ளத்தாக்கில், பாலைவனத்தில் அரிதான வற்றாத ஓடை ஒன்று ஓடுகிறது. பிற்காலச் சுரங்கக்காரர்கள் போட்ட பாதையை 1980-களில் மற்றொரு வெள்ளம் பாறைவரை அரித்துவிட்டது. எஞ்சியவை அருவிகள். அந்த அருவிகளின் மேலேயே, வண்டி முகப்பிலுள்ள வின்ச் கம்பிவடத்தைப் பாறையில் மாட்டி, டிரக்குகளைச் செங்குத்தாக இழுத்தேற்றும் சாகசம் தொடங்கியது. எண்ணெய் ஓடையில் கலந்தது. கரையோரச் செடிகள் நசுங்கின. சூழலியல் அமைப்பு ஒன்று நீதிமன்றம் சென்றது. 2001-இல் வாகனங்களுக்குத் தடை வந்தது. 1866 சட்டத்தின் பெயரால் அதை எதிர்த்தவர்கள் வெற்றி பெறவில்லை. 2019-இல் அந்த ஓடை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நீரோட்டமாக அறிவிக்கப்பட்டது.

இப்போது பானமின்ட் சிட்டிக்கு எட்டு கிலோமீட்டர் மலையேறி நடந்துதான் செல்ல வேண்டும். என் முழங்கால்கள் அதற்கு இணங்கவில்லை. மகன் மட்டும் போய்வந்து, தனித்து நிற்கும் செங்கல் புகைபோக்கியின் படத்தைக் காட்டினான். வாகனத் தடையை எதிர்ப்போர், 'முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் இந்த இடங்களைக் காணும் உரிமை இல்லாதவர்களா?' என்று கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி, என்னைப் போன்றவர்களுக்காகவே கேட்கப்படுவது. ஆயினும் அருவியில் வின்ச் மாட்டி ஏறும் வண்டியில் எந்த முதியவரும் அமரப்போவதில்லை. லெட்ஃபீல்டு போன்ற ஊர்களுக்குச் செல்லும் உறுதியான பாதைகளைச் செப்பனிட்டு வைப்பதே எங்களுக்குச் செய்யும் நியாயம். அந்தத் தடை சரியானது என்பதே என் கருத்து.

பாலைவனத் தரை எளிதில் ஆறாது. 1942-இல் ஜெனரல் பேட்டன் தன் படைகளைப் பயிற்றுவித்தபோது மொஹாவியில் பதிந்த டாங்கித் தடங்கள் இன்றும் தெரிகின்றன. கற்கள் தாமாக நகர்ந்து கோடிழுக்கும் ரேஸ்டிராக் வறண்ட ஏரியில், 2016-இல் எவரோ வண்டியோட்டி ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளத்துக்கு டயர் தடம் பதித்தனர். 2024 ஏப்ரலில் நடந்தது இன்னும் வருந்தத்தக்கது. சலைன் பள்ளத்தாக்கின் உப்பை 8,500 அடி உயர மலைமுகடு தாண்டிக் கொண்டுசெல்ல 1911-இல் கட்டத் தொடங்கிய கம்பிவடப் பாதையின் மரக்கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. சேற்றில் சிக்கிய தன் வண்டியை வெளியே இழுக்க, ஒருவர் அந்தக் கோபுரம் ஒன்றில் வின்ச்சை மாட்டினார். கோபுரம் சாய்ந்தது. பின்னர் அவராகவே முன்வந்து பூங்கா அதிகாரிகளிடம் தெரிவித்தார். அவர் தீயவர் அல்லர். ஆளற்ற சேற்றில் மாட்டிக்கொண்டவர்.

பாதைகள் மனிதர்களையும் பலிகொள்கின்றன. 2009 ஆகஸ்டில் ஒரு தாயும் அவருடைய சிறு வயது மகனும், வழிகாட்டும் கருவியை நம்பிச் சென்று மணலில் சிக்கினர். ஐந்து நாளுக்குப் பின் மீட்புக் குழு வந்தபோது சிறுவன் உயிரோடு இல்லை. கைவிடப்பட்ட சுரங்கத் தடங்கள் பல, மின்னணு வரைபடங்களில் சாலைகளாகவே தொடர்ந்தன. இல்லாத சாலைகளை நீக்கச் சொல்லிப் பூங்கா ஊழியர்கள் வரைபட நிறுவனங்களிடம் பேச வேண்டியிருந்தது.

பொருளாதாரத்தில் இதற்குப் புறச்செலவு என்று பெயர்: செயலின் பயன் ஒருவருக்கு, விலை மற்றவர்களுக்கு. கூட்டாட்சி நிலங்களில் குறைந்தது 1,40,000 கைவிடப்பட்ட கடினப்பாறைச் சுரங்கக் குழிகளும் கட்டமைப்புகளும் இருப்பதாக அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2020-இல் தெரிவித்தது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 1977 முதல் டன்னுக்கு இவ்வளவு என்று சீரமைப்புக் கட்டணம் உண்டு. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் அப்படி ஒன்று இல்லை. பயணிகளின் தரப்பிலும் இதே கோளாறுதான். பூங்காவின் நுழைவுக் கட்டணம் வாகனத்துக்கு ஏழு நாளைக்கு 30 டாலர். தார்ச்சாலையோரம் நின்று படமெடுத்துச் செல்பவரும் முந்நூறு கிலோமீட்டர் மண்பாதையை உழுதுவிட்டுச் செல்பவரும் செலுத்துவது அதே 30 டாலர்.

இதற்கு நடுவே நம்பிக்கையூட்டும் ஒரு வழக்கத்தையும் கண்டேன். பியூட் பள்ளத்தாக்கில் சுரங்கக் காலத்துக் கல்வீடு ஒன்று பூட்டின்றி இருக்கிறது. முதலில் வருபவர் கொடிக்கம்பத்தில் கொடியேற்றிவிட்டுத் தங்கிக்கொள்ளலாம். தொலைவிலேயே கொடியைக் கண்டு அடுத்தவர் விலகிச் செல்வார். புறப்படும்போது கூட்டிப் பெருக்கி, விறகோ உணவுப் பெட்டியோ விட்டுச் செல்வது மரபு. தன்னார்வலர்கள் கூரையைச் செப்பனிடுகிறார்கள். பொதுவளத்தைப் பயனாளிகளே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டி 2009-இல் நொபேல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் கூரையைச் சரிசெய்யும் கைகளால் புயல் அரித்த நாற்பது கிலோமீட்டர் பாதையைச் சரிசெய்ய முடியாது. அதற்கு மண்பாதைக்கென்று தனிக் கட்டணமும், தாதுவுக்கென்று உரிமத்தொகையும் வேண்டும்.

பூங்காவின் மேற்கு எல்லைக்கு வெளியே கான்குளோமரேட் மேசா என்ற மேட்டுநிலம் இருக்கிறது. பழங்குடி மக்கள் தங்கள் பாரம்பரிய நிலமாகக் கருதுவது அது. 2020-இல் ஒரு கனடா நிறுவனம் துளைக்கருவிகளை ஹெலிகாப்டரில் இறக்கி அங்கே தங்கம் தேடியது. அடுத்த கட்ட ஆய்வுக்கு அது கேட்டது மண்பாதை. சுரங்க நிலத்தைச் சீரமைப்பதற்கான உத்தரவாதத் தொகையை முன்கூட்டியே பெறும் விதி இன்று நடைமுறையில் உண்டு. எந்த நிறுவனம் எங்கே பாதை கேட்டாலும், அதைப் பழையபடி தரையாக்கும் செலவையும், அதில் பிறர் வண்டியோட்டாமல் பல பத்தாண்டுகள் காவல் காக்கும் செலவையும் அந்தத் தொகையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கணக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் அனுமதி மறுக்கப்பட வேண்டும்.